துருப்பிடிக்காத கத்தி

புதிதாக எதைப் பார்த்தாலும் எனக்குத் தலைகால் புரியாது. அதை நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டாவிட்டால் சாப்பாடும் இறங்காது. அப்படிப்பட்ட ஒருவன் கையில்தான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு பீங்கான் கத்தி வந்து சேர்ந்தது. அப்போது நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் வாடகை வீடு.

கொடுத்தவன் என்னோடு சேலத்தில் படித்தவன். கப்பலில் வேலை பார்த்தான். கோடைக்கு மேலே வந்தபோது, ஜப்பானில் வாங்கியது என்று ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினான். உள்ளே பால் வெள்ளையில் ஒரு கத்தி. கையில் எடுத்தால் கனமே இல்லை. தக்காளி மேல் வைத்ததும் தானாக இறங்கியது. "எலும்பு, தேங்கா பக்கம் போயிராத. வெட்டறப்ப திருகாத. கீழ போட்டா பீங்கான் தட்டு மாதிரி ஒடைஞ்சிரும்" என்று மூன்று புத்தி சொன்னான். என் காதில் ஏறியது அவன் நாலாவதாகச் சொன்னது மட்டும்தான்: "இது துருவே பிடிக்காதுடா."

ஏற்காட்டில் குடியிருந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் அருமை தெரியும். மழைக்காலத்தில் பனிமூட்டம் சமையலறைக்குள்ளேயே வந்து குடியிருக்கும். நேற்றுத் துடைத்து வைத்த இரும்பு இன்றைக்குச் செம்பட்டை நிறமாகியிருக்கும். எங்கள் வீட்டு அரிவாள்மனையை என் மனைவி நாள்தோறும் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்ப்பாள். அது அவள் அம்மாவுடையது. அந்த அம்மா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கோடையில் என் கண்ணுக்கு அது துருவேறிய இரும்பாகத்தான் பட்டது, ஏனென்றால் தேய்க்கிறவள் வீட்டில் இல்லை. முதல் பிரசவத்துக்கு ஓமலூரில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பழைய இரும்புக்காரர் வந்தார். அடிவாரத்தில் கடை வைத்திருந்தவர். வாரம் ஒருமுறை சாக்கோடு பஸ்ஸில் மேலே வருவார். நான் அரிவாள்மனையை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டேன். பழத்தில் நறநறவென்று மண். இருந்தாலும் ஒரே மூச்சில் தின்று தீர்த்தேன்.

அதன்பின் கத்தியும் நானும்தான். ஆபீசுக்குக்கூட அதைத் துண்டில் சுற்றி எடுத்துப்போய், டீ நேரத்தில் வெள்ளரிக்காயைக் காகிதம் மாதிரி சீவிக் காட்டினேன். "நூறு வருசம் ஆனாலும் துருப்பிடிக்காது" என்று ஆளுக்கு ஒரு தரம் சொல்வேன். கத்தியை நானே செய்தது போல ஒரு பெருமை.

அந்தப் பெருமையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்காரர்கள் மூன்று பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஒரு பலாப்பழத்தை நடுவில் வைத்தேன். தோல் சுலபமாக விட்டுக்கொடுத்தது. உள்தண்டில் இறங்கிய கத்தியைப் பலாப்பால் கவ்விக்கொண்டது. மூன்று பேர் பார்க்கிறார்களே என்று ஒரு திருகு திருகினேன். டிக் என்று ஒரு சத்தம். கையில் பிடியும் பாதிக் கத்தியும் மட்டும் இருந்தன.

"ஏனுங்க சார், மிச்சம் பழத்துக்குள்ளயா இருக்குதுங்க?" என்றார் ஒருவர்.

வெள்ளைப் பாலுக்குள் வெள்ளைத் துண்டைத் தேடினோம். பெரிய துண்டு கிடைத்தது. பொடி எங்கெங்கே தெறித்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒருவரும் சுளையைத் தொடவில்லை. வாசனை மட்டும் பிடித்துவிட்டு எழுந்து போனார்கள். முழுப் பழத்தையும் குழிவெட்டிப் புதைத்தேன்.

ஒரு வாரம் பக்கத்து வீட்டில் கத்தி இரவல் வாங்கிச் சமைத்தேன். அப்போது மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அக்கா அவளையும் குழந்தையையும் கொண்டுவந்து விடுவாராம். கடைசி வரி இது: "அம்மா அருவாமனைக்கு எண்ணெய் தடவி வையுங்கள், பனியில் துருவேறிவிடும்."

மறுநாளே பஸ் பிடித்து அடிவாரம் போனேன். இரும்புக்காரர் குவியலைக் காலால் கிளறிப் பார்த்தார்.

"அலகு போன வாரமே லாரி ஏறிப் போயிருச்சுங்க சார். பலகை வேணா அந்த மூலையில கெடக்குதுங்க. எடுத்துக்கறீங்களா?"

"வெறும் பலகைய வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அப்படியே சேலம் போய், அதே அளவில் ஒரு புது அரிவாள்மனை வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் கள்ளத்தனம் ஆரம்பமானது. பலகைக்குக் காபி டிகாக்‌ஷன் பூசிக் காயவைத்து மறுபடி பூசினேன். அலகை இரண்டு ராத்திரி பனியில் வெளியே போட்டு, வந்த துருவைச் சாம்பல் வைத்து அரைகுறையாகத் தேய்த்தேன். துருவே பிடிக்காது என்று ஊரெல்லாம் பீற்றியவன், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கப் படாத பாடு பட்டேன். முடித்துப் பார்த்தபோது பழையதற்கும் இதற்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. மறுபடியும் அதே பெருமை.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து சேர்ந்தாள். குழந்தையை அக்கா மடியில் கொடுத்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் பீன்ஸை எடுத்துக்கொண்டு அரிவாள்மனையில் உட்கார்ந்தாள். பலகையில் காலை வைத்தாள். கொஞ்சம் நகர்த்தினாள். மறுபடியும் நகர்த்தினாள். அலகை அவள் பார்க்கவே இல்லை.

"ஏனுங்க, இது எங்கம்மாளுது இல்லீங்களே."

"எப்படிச் சொல்ற?"

"பள்ளத்தக் காணமுங்க. அம்மா கால் வெச்சு வெச்சுத் தேஞ்ச எடம். நானும் அதுலதான் காலு வெச்சுக்குவேன்."

இரண்டு வருசமாக அந்தப் பலகையைத் தாண்டித் தாண்டி நடந்தவன் நான். பள்ளம் இருந்தது எனக்குத் தெரியாது. கத்தி, பலாப்பழம், டிகாக்‌ஷன் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பேரீச்சம்பழத்தைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது. சிரிப்பு நின்றதும் மெதுவாகக் கேட்டாள்:

"அலகு போனாப் போகுதுங்க. பலகைகூட இல்லீங்களா?"

செருப்பைத் தேடக்கூட நிற்கவில்லை. ஓடிப்போய்க் கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் தொற்றினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்த மூலையும் பலகையும் கண்ணுக்குள் நின்றன. என்னைப் பார்த்ததும் இரும்புக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அதுங்களா... நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே. காலையில வெந்நிக்கு வெச்சுட்டமுங்க. நல்ல வைரம் பாஞ்ச கட்டைங்க, நொம்ப நேரம் நின்னு எரிஞ்சுதுங்க."

சாம்பலைக்கூடப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி என் கைகளைப் பார்த்தாள். "சாப்பிட வாங்க" என்றாள். பீன்ஸ் பொரியல் எப்போதும் போல் பொடிப்பொடியாக இருந்தது.

புதுப் பலகையில் அவள் கால் இடம் பிடிக்கப் பல மாதம் ஆனது. ஒவ்வொரு நாளும் உட்கார்ந்ததும் இரண்டு தரம் நகர்த்துவாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அந்தப் பாதிக் கத்தி மட்டும் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. நான் பீற்றியது பொய்யில்லை. இன்றுவரை அதில் ஒரு பொட்டுத் துரு ஏறவில்லை.