முசே சவரிநாதன் வீட்டு ஞாயிற்றுச் சாப்பாடு

காலையில் அலுவலகத்துக்கு வந்து டைப்ரைட்டரின் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பியூன் வந்து பக்கத்தில் நின்றான். "சார், முசே சவரிநாதன் போயிட்டாரு" என்றான்.

"எங்க, பிரான்சுக்கா?" என்று கேட்டேன்.

உங்களில் சிலருக்கு இது அபத்தமாகத் தோன்றும். ஆனால் இந்தச் சில மாதங்களாக நம் ஊரில் யாராவது போய்விட்டார் என்றால் அதற்கு அதுதானே அர்த்தம்? ஊர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குச் சட்டப்படி கைமாறியாயிற்று, இனி பிரெஞ்சுக்காரராக இருப்பதா இந்தியராக இருப்பதா என்று வீட்டுக்கு வீடு குழம்பிக்கொண்டிருக்கிற சமயம். முசேயும் முடிவெடுக்காமல்தான் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வீட்டுக்குத் திரும்பியும் விட்டிருந்தார். பியூன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "இல்ல சார். செத்துட்டாரு. தூக்கத்துலயே" என்றான். உறையை மறுபடியும் டைப்ரைட்டர்மேல் போட்டு மூடினேன்.

உப்பளத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஐயா என்பதைப் பிரெஞ்சில் முசே என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். பொதுப்பணி அலுவலகத்தில் பிரெஞ்சுக் குமாஸ்தாவாக இருந்தவர். மனைவி இறந்து பல வருடங்கள். குழந்தைகள் இல்லை. எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சைகோனிலிருந்து வந்த தன் அண்ணி மதாம் லானுக்குத் தானே சமைத்துப் போட்டவர் என்றும் உங்களுக்குத் தெரியும். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். அன்றைக்கு என்ன நடந்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம், என்ன நடந்தது என்று எனக்கே சரியாகப் புரியாததுதான்.

ஐம்பத்து நாலில் நிர்வாகம் மாறிய பிறகு ஆங்கிலத்தில் டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவன் நான். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அவருக்கு ஆங்கிலம் வராது. ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவர் எழுதியதை அவரே தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் அடிப்பேன். மேலதிகாரியிடம் போய்ச் சேர்வது மூன்றாவதாக ஏதோ ஒன்று. அப்படிப் பழகியவர்கள் நாங்கள்.

ஒருநாள் மத்தியானம் அவர் வேலையை நிறுத்திவிட்டு, "தம்பி, நீங்க ரூம்ல தனியாதான பொங்கித் தின்றீங்க?" என்று கேட்டார்.

"ஆமா முசே."

"ஒருத்தரச் சாப்பிடக் கூப்பிட்டா என்ன செய்வீங்க?"

"யாரையும் கூப்பிட மாட்டேன் முசே."

அவர் சிரிக்கவில்லை. பிறகுதான் விஷயம் வந்தது. அவருடைய அண்ணன் லூயி இளவயதில் சைகோனுக்குப் போனவர். அங்கே ஒரு வியட்நாம் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டதும் அவருடைய அப்பா அந்தப் பெயரையே வீட்டில் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்புறம் லூயியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இப்போது கப்பலில் வந்திறங்கிய பழைய சிப்பாய் ஒருவர் முசேயைத் தெருவில் நிறுத்தி, "உன் அண்ணன் தவறிட்டாரு. உன் அண்ணி என்கூடத்தான் கப்பல்ல வந்துச்சு. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் உன் வூட்டுக்கு வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். முசே சரி என்றுவிட்டார்.

ரெட்டியார்பாளையத்தில் இருந்த தங்கை மார்த்தாவிடம் போய், வந்து சமைத்துக் கொடு என்று கேட்டாராம். "அவளுக்குப் பொங்கிப் போட என்னால ஆவாது. நீ அவள வூட்டுக்குள்ள சேத்தன்னா உன் வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று அந்தம்மா சொல்லிவிட்டார்.

"மெஸ்ஸிலேருந்து எடுத்துக்கலாமே முசே" என்றேன்.

"அண்ணன் பொண்டாட்டி மொத தடவ வூட்டுக்கு வருது. கேரியர்லேருந்து எடுத்துப் போடச் சொல்றீங்களா?"

அவர் அடுப்படிக்குள் போனதே இல்லை. எனக்குத் தெரிந்தது நான்கைந்து ஐட்டங்கள், அவையும் நாளைக்கொரு மாதிரி வரும். இப்படி இரண்டு பேர் சேர்ந்து சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தோம். வருகிறவர் காரம் சாப்பிடுவாரா? தெரியாது. கையால் சாப்பிடுவாரா? அங்கே குச்சியால் சாப்பிடுவார்கள் என்று முசே கேள்விப்பட்டிருந்தார். குச்சிக்கு எங்கே போவது? பிரியாணி செய்யலாம் என்று ஆரம்பித்தவர், நான் முகத்தைச் சுளித்ததும் ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். கடைசியில் நிலைத்தது சோறு, பாசிப்பருப்புக் கடைசல், மிளகு ரசம், மீன் வறுவல், அப்பளம். சோறு கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று பேக்கரியில் நீள ரொட்டி ஒன்று.

"நாலு பதார்த்தம் செஞ்சு நாலும் சந்தேகமா இருக்கறதவிட, ரெண்டு செஞ்சாலும் தெகிரியமாப் போடணும் தம்பி" என்றார். எந்த அடிப்படையில் சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் இன்றும் யாராவது புதிதாகச் சமைக்கப் போகிறேன் என்றால் நான் அதைத்தான் சொல்கிறேன்.

ஞாயிறு காலை அவர் பூசைக்கே போகவில்லை. நான் போனபோது வஞ்சிர மீன் துண்டுகளின் முன்னால் மிளகாய்த்தூள் டப்பாவுடன் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு போடுவது என்று மீன்காரம்மாவிடம் கேட்டாராம், "ஒரைக்கிற அளவுக்குப் போடு சாமி" என்றாளாம். மீனில் உப்பு, மஞ்சள், கொஞ்சமாய்த் தூள், எலுமிச்சைச் சாறு பிசறி ஊற வைத்தோம். பருப்பு பூண்டோடு சேர்ந்து நன்றாகவே மசிந்தது. அதைக் கடைந்து நெய் விட்டதும் வந்த வாசனையில் எங்கள் இருவருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நான் கிணற்றடியில் நின்று கொத்தமல்லி அலசிக்கொண்டிருந்தபோது, "தம்பி, இது நொரையா, கொதியா? சீக்கிரம் வாங்க!" என்று அலறினார். ஓடிப் போய்ப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. இறக்கிவிட்டோம். சோறு வடிக்கும்போது கஞ்சி கையில் கொட்டியது எனக்குத்தான். ஆனாலும் சோறு உதிரியாக வந்தது.

"ஆள் வர்றப்ப அடுப்பு அணைஞ்சிருக்கணும். அடுப்படியில நிக்கறவன் வந்தவங்க மொகத்தப் பாக்க முடியாது" என்று சொல்லித் தணலில் தண்ணீர் தெளித்தார். கால்சட்டையை மாற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மதாம் லான் அப்போது மெலிந்து, வெயிலில் கறுத்து, கறுப்புப் பட்டுச் சட்டையில் ஒரு சிறிய பையோடு வந்தார். முசே கைகூப்பினார், பிறகு கையை நீட்டினார், இரண்டும் சரியில்லை என்று விட்டுவிட்டார். அவர்கள் பிரெஞ்சில் ஏதோ பேசிக்கொண்டார்கள். மேசைமேல் வாழையிலை போட்டு, பக்கத்தில் முள்கரண்டியும் வைத்திருந்தோம். நான் சோறு போட்டேன். பருப்பு ஊற்றினேன். மதாம் லான் நிமிர்ந்தார். எதிர்ச் சுவரில் லூயியின் படம். கப்பல் ஏறுவதற்கு முன்னால் எடுத்தது.

அவர் ஏதோ கேட்டார். முசே பதில் சொன்னார். மதாம் லான் படத்தை மறுபடி பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். பிறகு மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னார். நாற்காலியை நகர்த்தி எழுந்துவிட்டார். முசேயின் கையில் நெய்க் கிண்ணம் அப்படியே நின்றது. நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். மீனில் ஏதாவது கோளாறோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

முசே என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனார். "தம்பி, இது எங்க அண்ணன் இல்லியாம். இதோட வூட்டுக்காரரும் லூயிதான், உப்பளம்தான்னு சொன்னாராம். ஆனா படத்துல இருக்கறது அவரு இல்லியாம். அந்தக் கெழவன் ஆள மாத்திச் சொல்லிட்டான்."

"இப்ப என்ன பண்றது முசே?"

அவர் மீன் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ரசம் சூடா இருக்குதா?" என்று கேட்டார்.

வெளியே போய் அந்தப் பெண்ணிடம் நாற்காலியைக் காட்டி ஏதோ சொன்னார். பிற்பாடு கேட்டபோது, "எல போட்டாச்சு, சாப்பிட்டுட்டு அப்புறம் தேடலாம்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?" என்றார். மதாம் லான் உட்கார்ந்தார். முள்கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டார். இடது கையால். எனக்குச் சங்கடமாக இருந்தது. முசே அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் எதிரில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் கணவரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். கேள்வியும் பதிலுமாக வெகுநேரம் போயிற்று. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நடுவில் முசே அழுதார். அந்தப் பெண்ணும் அழுதார். யாருக்காக யார் அழுகிறார்கள் என்று தெரியாமல் நான் அப்பளத்தோடு நின்றிருந்தேன்.

அடுத்த வாரங்களில் இருவரும் அந்த இன்னொரு லூயியின் குடும்பத்தைத் தேடி அலைந்தார்கள். சைகோனில் எரிந்த வீட்டோடு மதாம் லானின் காகிதங்களும் போயிருந்தன. கேட்டுக் கேட்டு கனகசெட்டிக்குளம் வரை போனபோது நானும் கூடப் போனேன். அங்கே ஒரு தாய், "எம் மவன் கல்யாணமே கட்டல. போங்க போங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். அது சரியான வீடுதானா என்பதும் நிச்சயமில்லை. உப்பளம் வந்ததும் எதிரில் வந்த பக்கத்து வீட்டுக்காரர், "யாரு முசே இது?" என்றார். "எங்க அண்ணி" என்றார் முசே. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதோடு அதுவே வழக்கமாகிவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு அறை பிடித்துக்கொடுத்தார். மதாம் லான் சட்டை தைத்துப் பிழைத்தார், மெல்ல மெல்லத் தமிழும் பேசப் பழகினார். ஞாயிறு மதியம் முசே வீட்டில் சாப்பாடு. மார்த்தா சொன்னபடியே வருவதை நிறுத்திவிட்டார். யாரோ ஒருத்திக்காகச் சொந்தத் தங்கையை விட்டுவிடுவாரா ஒரு மனிதர்? பல தடவை கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரே ஆரம்பித்தார். "தம்பி, லூயி சின்ன வயசுல பீச்சாங்கையாலதான் சாப்பிடுவான். எங்கப்பா அடிச்சு மாத்தினாரு. அங்க போனப்புறம் பழையபடி ஆயிருப்பானா?"

"மதாம் லான் தைக்கறது வலது கையால முசே."

"அதத்தான் நானும் பாத்தேன். சாப்பாடு மட்டும் பீச்சாங்கை. யாரோ கத்துக்குடுத்திருக்கான். அந்தப் படத்துல அண்ணனுக்கு மீசைகூட மொளைக்கல. ஒருவேள அடையாளம் தெரியலியோ? இல்ல, தெரிஞ்சுதான் இல்லைன்னிச்சோ? மார்த்தா வரமாட்டேன்னு சொன்னத அந்தச் சிப்பாயி அதுகிட்ட ஒளறி வெச்சிருந்தான். எங்களப் பிரிக்க வேணாம்னு நெனச்சிருக்குமோ?"

"கேட்டுட வேண்டியதுதான முசே?"

"இத்தினி வருசம் கழிச்சு எப்படிக் கேக்கறது?" என்று கூரையைப் பார்த்தார். "கேட்டு, இல்லைன்னு இன்னொரு தடவ சொல்லிட்டா?"

அடக்கத்தன்று மார்த்தா வந்தார். மதாம் லான் காலையிலிருந்து வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். மார்த்தா என்னைத் தனியே கூப்பிட்டார். "நீங்கதான அவன்கூட வேலை பாத்தவரு? நெசத்தச் சொல்லுங்க. அது எங்க லூயி பொண்டாட்டியா?"

"எனக்குத் தெரியாதும்மா."

"சவரிநாதன் அண்ணனுக்காவது தெரியுமா?"

"அவருக்கும் தெரியாதும்மா."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?" என்று கோபமாகக் கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கல்லறையிலிருந்து திரும்பியபோது பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. மார்த்தா ஒரு தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றி வாசலுக்கு எடுத்துப் போனார். "உள்ள வந்து சாப்பிடு" என்றார். மதாம் லான் உள்ளே வந்தார்.

அவருடையது என்று என்னிடம் பொருள் எதுவும் இல்லை. பேனா, படம், எல்லாம் மார்த்தாவிடம் போய்விட்டன. என்னிடம் வந்து சேர்ந்தது அவருடைய ஞாயிற்றுக்கிழமை மதியம். போன ஞாயிறு மதாம் லான் ஒரு கட்டுக் கீரையோடு என் அறைக்கு வந்து நின்றார். நான் கூப்பிடவில்லை, அவர் வருவார் என்றும் நினைக்கவில்லை. உலை வைத்தேன். இப்படி ஒரு அஞ்சலி எழுதப்போகிறேன், முசே ஆஸ்பத்திரியில் சொன்னதையும் எழுதலாமா என்று கேட்டு, அவர் சொன்னது முழுவதையும் சொன்னேன். மதாம் லான் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "எழுதுங்க தம்பி" என்றார். என்னை அவர் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சோறு கொதித்துப் பொங்கி வழிந்தது. நான் எழுந்து மூடியைத் திறந்தேன்.