சம்மிட்டுக்கு முந்தின நாள் எழுதிய பொய் ரீடிங்

அன்று மத்தியானம் ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்க என் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் எழுபத்தொன்று காட்டியது. நோட்டில் எண்பத்தாறு என்று எழுதினேன்.

பத்தொன்பது வருடமாக ட்ரெக் லீடர் வேலை பார்க்கிறேன். கம்பெனி பெங்களூரில், வீடு கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் பகுதியில். மலைக்குப் போகாத நாட்களில் ஊர்க்காரர்கள் எல்லாரையும் போல விடியற்காலை ரயிலில் அடித்துப்பிடித்து ஆபீஸ் போய் வருகிறவன்தான். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கயிறு, பனி, பூட்ஸ் பற்றித்தான் கேட்பார்கள். நான் இந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த முறை குரூப் முழுக்க எங்கள் ஊர்தான். பன்னிரண்டு பேர். சுரங்கத்திலிருந்து கொட்டிய சயனைடு மண்மேட்டில் ஆறு மாதம், சனிக்கிழமை தவறாமல், பை சுமந்து ஏறி இறங்கிப் பழகியவர்கள். இமயமலையில் ஆறாவது நாள் நடந்து, பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைசி கேம்ப்பை அடைந்தோம். மறுநாள் சம்மிட், உச்சி ஏறும் நாள்.

அங்கே எல்லாருக்கும் ரீடிங் எடுப்பது வழக்கம். எழுபத்தைந்துக்குக் கீழே போய், தலைவலியும் இருந்தால் ஆளைக் கீழே இறக்கிவிட வேண்டும். இந்த விதியை முதல் நாளே குரூப்புக்குப் படித்துக் காட்டுவது நான்தான். எனக்குக் காலையிலிருந்தே மண்டை பிளந்தது. வழியில் ஒரு பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்திருந்தேன்.

ஏன் பொய் எழுதினேன்? என் அசிஸ்டென்ட் நவீன்மேல் நம்பிக்கை இல்லை. எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டைப் பையன், இருபத்தேழு வயது, நல்ல கால். "லீடர் ஆவறதுக்கு உனக்கு இன்னும் நாலு வருஷம் ஆவும்" என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தேன். அது பாதிக் காரணம். மீதி, ஊர்க்காரர்கள் முன்னால் படுத்துக்கொள்வதா என்ற மானம்.

ரீடிங் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா வந்தார். குரூப்பில் ஒருவர், ஊரில் சாம்பியன் ரீப்ஸ்காரர், பெங்களூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். நடையில் எப்போதும் கடைசியில் வருவார். அதிகம் பேச மாட்டார்.

"அண்ணா, கொஞ்சம் இப்படி வாங்க."

கிச்சன் டென்ட்டுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்துக்குக் கூட்டிப் போனார்.

"இன்னா சிஸ்டர்?"

"நேத்து வரைக்கும் எங்கூட தமிழ்ல பேசினீங்க. காலையிலேந்து தெலுங்குல பேசறீங்க. எனக்குத் தெலுங்கு பாதிதான் புரியும்."

என் மனைவி வீட்டில் தெலுங்கு. நான் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.

"வெயிலு சிஸ்டர். ஒண்ணும் இல்ல."

அவர் ஊன்றுகோலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். "நடங்கண்ணா. குதிகாலும் விரலும் ஒட்டற மாதிரி, பத்தடி."

உயரம் மூளையைத் தாக்கியிருக்கிறதா என்று பார்க்க நான் எத்தனையோ பேருக்கு வைத்த டெஸ்ட். நாலாவது அடியில் இடது கால் கோட்டை விட்டுப் போனது. மறுபடி நடந்தேன். மூன்றாவது அடியில் சாய்ந்தேன், அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எறங்கிட்டா எல்லாரும் எறங்கணும். நவீனுக்கு அனுபவம் பத்தாது."

"அத அவன் சொல்லட்டும். நீங்க மேல போய் விழுந்தா தூக்கிட்டு வர எட்டு பேர் வேணும். அப்போ யாருண்ணா ஏறுவாங்க?"

"ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"லீடருக்கு முடியல, எறங்கிட்டாருன்னு பேசுவாங்க. ரெண்டு நாளைக்குப் பேசுவாங்க." மண்ணில் கிழித்த கோட்டைக் காலால் அழித்தார். "எங்க வார்டுல எத்தன பேரு 'ஒண்ணும் இல்ல சிஸ்டர்'னு சொல்லிட்டுச் செத்துப்போயிருக்காங்க தெரியுமா? நான் யாருக்கும் சொல்லல. நீங்களே போய்ச் சொல்லுங்க. துணைக்கு நானும் எறங்கறேன்."

ஆறு மாதம் அந்த மண்மேட்டில் ஏறிய பெண். "வேணாம் சிஸ்டர். மேல பதினோரு பேருக்கு நீங்க வேணும்" என்றேன். அன்று நான் ஒழுங்காக எடுத்த முதல் முடிவு அதுதான்.

நவீனிடம் போய், நான் இறங்க வேண்டும் என்றேன். அவன் நோட்டைப் பார்த்தான்.

"எண்பத்தாறு எழுதியிருக்கீங்களே சார்?"

"பொய்டா."

நோட்டை மூடி வைத்தான். பிறகு, "சரி சார். உடனே கெளம்புங்க. இருட்டறதுக்குள்ள கீழ் கேம்ப்ல இருக்கணும்" என்றான்.

குரூப்பைக் கூட்டி, மறைக்காமல் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஆண்டர்சன்பேட்டை மைக்கேல் அங்கிள், குரூப்பிலேயே பெரியவர், "நீங்க புத்தர் கோயிலுக்குப் போற ஆளு. உங்களுக்கு நான் ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டார். "பண்ணுங்க அங்கிள்" என்றேன். தலையில் கை வைத்து ஜெபித்தார்.

கேம்ப் ஆள் ஒருவர் என் பையைத் தூக்கிக்கொள்ள, மூன்று மணி நேரம் இறங்கினோம். இறங்க இறங்கத் தலைவலி விட்டது. சாயங்காலம் கிச்சடி சாப்பிட்டேன். அது வயிற்றில் தங்கியது.

மறுநாள் காலை வாக்கி டாக்கியில் நவீன்.

"சார், திரும்பிட்டோம். உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்துச்சு. காத்து தள்ளுது. மைக்கேல் அங்கிளுக்கு விரல் மரத்துப்போச்சு. திருப்பிட்டேன்."

நான் திட்டுவேன் என்று காத்திருந்தான். "பத்திரமா எறக்கிக் கூட்டிட்டு வா" என்றேன். ஒரு மணி நேரம்தான் என்றால் நான் ஏற்றியிருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மத்தியானம் எல்லாரும் என் கேம்ப்புக்கு வந்து சேர்ந்தார்கள். சிலர் அழுதுகொண்டே வந்தார்கள். ஸ்டெல்லா வந்ததும் வராததுமாக வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டு வாங்கி, அங்கிளின் விரல்களை அதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். மெல்ல மெல்ல நிறம் திரும்பியது.

ஒருவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "நீங்க இருந்திருந்தா ஏத்தியிருப்பீங்க இல்ல சார்?" என்று நவீன் காதில் விழும்படியே கேட்டார்.

"ஏத்தியிருப்பேன். அங்கிள் விரல் போயிருக்கும். இவன் செஞ்சதுதான் சரி."

நவீன் அந்தப் பக்கம் திரும்பி பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். வெகு நேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

ஊர் திரும்பி, நடந்ததை நடந்தபடி ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தேன். கம்பெனி மூன்று மாதம் என்னை மலைக்கு அனுப்பவில்லை. நியாயம்தான். அடுத்த சீசனில் நவீனை லீடராகப் போட்டார்கள், நானே சிபாரிசு செய்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முடியாத ஆளை இறக்கி அனுப்புவது இந்த வேலையில் அடிக்கடி வரும். முன்பெல்லாம் எல்லார் நடுவிலும் பேர் சொல்லி, "நீங்க அன்ஃபிட், எறங்குங்க" என்பேன். கெஞ்சுவார்கள், சண்டை போடுவார்கள், அழுவார்கள். எனக்குக் கோபம்தான் வரும். இப்போது தனியே கூட்டிப் போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன். என் கதையைச் சொல்கிறேன். அவசரப்படுத்துவதில்லை.

போன மாதம் மைசூர் வாத்தியார் ஒருவர் அப்படித்தான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பனியையே பார்த்துக்கொண்டு டீயை முழுசாகக் குடித்தார். பிறகு, நான் கேட்பதற்கு முன்பே, "என் பையை யார் எடுத்துக்குவாங்க சார்?" என்றார்.

"நான் எடுத்துக்கறேன், வாங்க" என்றேன்.