கியோட்டோவில கழட்டின சப்பாத்து

கேளன் மலர், நான் ஜப்பானுக்குப் போகப்போறன் எண்டதும் என்ர மகன் என்ன சொன்னவன் தெரியுமோ? "எழுத வாசிக்கத் தெரியாத நீங்கள் தனிய ஜப்பானுக்குப் போய்த் துலையப் போறியள் அம்மா" எண்டான். நான் கமராவைக் கழுத்தில மாட்டிக்கொண்டு போயிட்டன். இலையெல்லாம் சிவக்கிற நேரம், விடுவனோ? அங்க போனால் படிச்ச வெள்ளைக்காரருக்கும் போர்ட் வாசிக்க ஏலாது. எல்லாரும் என்னைப்போலதான்!

கியோட்டோவில ஒரு கோயில். லண்டனில எங்கட ஈலிங் அம்மன் கோயில் மாதிரி நினைச்சு, வெளி வாசலிலேயே சப்பாத்தைக் கழட்டிப்போட்டன். மற்றச் சனம் சப்பாத்தோடதான் முற்றத்தில நடக்குது. நான் எங்க பார்த்தன்? கண் முழுக்க மேல, சிவத்த இலையில. படம் எடுத்து எடுத்து வேற வாசலால வெளிய வந்திட்டன். கால் விறைச்சுப்போச்சு. வந்த வழி தெரியேல்லை. மகன் சொன்னது பலிச்சிட்டுதெண்டு அழுகை வந்திட்டுது.

வாசிக்கத் தெரியாததால, போற இடமெல்லாம் முதல் வாசலைப் படம் எடுத்து வைப்பன். இலை கூட்டிக்கொண்டு நிண்ட ஒரு கிழவருக்கு அதைக் காட்டினன். அவர் படத்தைப் பார்த்தார், என்ர காலைப் பார்த்தார். தன்ர செருப்பைக் கழட்டி, நான் போட வசதியாத் திருப்பி வைச்சார். தான் வெறும் சொக்ஸோட நடந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

சப்பாத்து அங்கயே கிடந்தது. ஆரோ அதையும் வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி, சோடியா வைச்சிருந்தினம்.

நான் கும்பிட்டன், அவர் குனிஞ்சார். திரும்பக் கும்பிட்டன், திரும்பக் குனிஞ்சார். அந்த மனிசனைப் படம் எடுக்க மறந்தே போனன். எண்டாலும் இப்ப வீட்டுக்கு ஆர் வந்தாலும் சப்பாத்தைத் திருப்பி வைக்கிறன். உன்ரையும் வைச்சிருக்கிறன், போகேக்க பார்.

பொறு பிள்ளை, பருப்பு பொங்குது.