துரையின் மீன்களுக்கு அம்மை போட்டது

அப்பாவின் துரை விடுப்பில் சீமைக்குக் கப்பலேறியபோது, தம் மீன்தொட்டியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அப்பா பினாங்கு துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. அத்தனை கிராணிகள் இருக்கத் தம்மை நம்பிக் கொடுத்தாரே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. மற்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே தொட்டியை வைத்தார்கள். உள்ளே கொழுத்த தங்கமீன்களும், கோடு போட்ட பொடி மீன்களும் ஒன்றாக நீந்தின. மாலை ஜெபத்துக்கு முழங்காலிட்டால் என் கண் கீழேயே நிற்கும். அந்த வயதில் என்னைப்போல் பக்தியாக ஜெபித்த பிள்ளை ஜார்ஜ் டவுனில் இருந்திருக்க முடியாது.

ஒரு காலை பெரிய தங்கமீனின் உடம்பெங்கும் வெள்ளை வெள்ளையாகத் துகள்கள். நான்தான் சீனியைத் தூவிவிட்டேன் என்று அப்பா என் காதைத் திருகினார். சீனி கையில் கிடைத்தால் மீனுக்கா கொடுப்பேன்? அழுதுகொண்டே இதைக் கேட்டேன். அதிலிருந்த நியாயம் அவருக்கே உறைத்திருக்க வேண்டும், காதை விட்டுவிட்டார்.

அம்மா குனிந்து பார்த்து, "அம்மை போட்டிருக்குங்க" என்றார். வேப்பிலையைக் கொத்தாகப் போட்டு, மஞ்சளையும் கரைத்து ஊற்றினார். பங்குச் சாமியார் காதுக்குப் போக வேண்டாம் என்று எங்களை எச்சரிக்கவும் செய்தார். தண்ணீர் ரசம்போல் ஆயிற்று. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. குளிர் கண்டுவிட்டது என்று அப்பா தம் பங்குக்கு ஒரு கரண்டி பிராந்தி விட்டார். பெரிய தங்கமீன் ஒருக்களித்துச் சாய்ந்தது.

அப்பா கண்ணாடி முன் நின்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுப் பழக ஆரம்பித்தார். வேலை போய்விடும் என்று அம்மா விசும்பினார். கடைசியில் அப்பாவே ஓடிப்போய், எங்கள் கோயிலுக்கு வருகிற ஒரு டிரசரைக் கூட்டிவந்தார். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிற இளைஞர் அவர். வீட்டில் சின்ன வயதிலிருந்தே மீன் வளர்த்தவராம்.

தொட்டியைப் பார்த்ததும் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இனிமே இதுக்குள்ள ஒண்ணும் ஊத்தாதீங்க அண்ணே. தங்கமீனுக்கு ஒரு தொட்டி, பொடிசுங்களுக்கு ஒரு தொட்டி, தனித்தனியா எடுக்கணும்."

அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடுதான் இருந்தார். பெண்கள் பள்ளியில் டீச்சர். எதையும் விசாரிக்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். "ஒரே நோய்தானே? ஒண்ணா வச்சு மருந்து கொடுத்தா என்ன?"

"பெரிசு தாங்குற உப்பைப் பொடிசு தாங்காது லா, டீச்சர். ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் ஒரே அளவு ஊத்துனா வார்டுல ஆள் மிஞ்சுமா?"

"மனுசனுக்குப் பார்க்கிறவருக்கு மீனைப் பத்தி ரொம்பத் தெரியுமோ?"

"மனுசன் வலிச்சாக் கத்துவான். இது கத்தாது. நாமதான் உத்துப் பார்க்கணும்" என்றார் அவர். சித்தி தொட்டியருகே குனிந்து மீன்களை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

துணி துவைக்கிற தொட்டியும் என்னைக் குளிப்பாட்டுகிற தொட்டியும் மீன்களுக்குப் போயின. பிடித்து வைத்த தண்ணீரில் தங்கமீன்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு சேர்த்தார். பொடி மீன்களுக்கு அதிலும் குறைவு. தினமும் கொஞ்சம் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். கண்ணாடித் தொட்டியைக் கழுவி நன்றாக வெயிலில் காயவைத்தார். சித்தி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டார். அவரும் அலுக்காமல் சொன்னார். வெள்ளைத் துகள்கள் உதிர்ந்தன. சாய்ந்து கிடந்தது நிமிர்ந்து, என் விரலைக் கவ்வ வந்தது. அம்மா சந்தோஷத்தில் அவருக்குச் சாப்பாடு போட்டார்.

துரை திரும்பிவந்து தொட்டியை எடுத்துக்கொண்டு போனார். மீன்கள் பெருத்துவிட்டன என்று மட்டும் சொன்னாராம். அப்பா அதை ஊரெல்லாம் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரசர், தலையைப் படிய வாரிக்கொண்டு, மறுபடியும் வாசலில் நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. "அண்ணே, மீனுதான் போயிடுச்சே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். அவர் முகம் சிவந்து, "தெரியும் பாப்பா... சும்மா, அந்தத் துணி தொட்டி ஒழுகுதான்னு பார்க்க வந்தேன்" என்றார்.

அது ஒழுகவே இல்லை. தினமும் அதில் தண்ணீர் ஊற்றியவருக்கு அது மறந்தே போயிருந்தது. அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அம்மா என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துப் போனார். அன்று எப்போதும் இல்லாத திருநாளாகச் சித்தியே காப்பி கொண்டுபோய்க் கொடுத்தார். எவ்வளவோ படித்த மனிதர், ஒழுகாத தொட்டியைப் பார்க்க இத்தனை வெயிலில் நடந்து வருகிறாரே என்று அவருடைய ஞாபகசக்திக்காக நான் அன்று மாலை மாதாவிடம் மனமுருகி வேண்டிக்கொண்டேன்.