ஒழுங்கை நிறைய யூனுஸ்

தில்லையடியில் எங்கள் ஒழுங்கையில் நின்று "யூனுஸ்" என்று கூப்பிட்டால் வீட்டுக்கு வீடு கதவு திறக்கும். அதில் ஒருவன் என் மகன். எல்லாவற்றுக்கும் காரணம் பக்கத்து வீட்டு யூனுஸ் நானாதான்; எங்களுக்கெல்லாம் அவர் மூத்த அண்ணன்.

தொண்ணூறில் யுத்தத்துக்குள்ளே, முஸ்லிம்கள் என்று மன்னாரை விட்டு எங்களைத் துரத்தியபோது அவருடைய வள்ளத்தில்தான் கற்பிட்டிக்கு வந்தோம். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. நாங்கள் ஓலமிட்டோம். அவர் மட்டும், மீன் வயிற்றுக்குள் கிடந்த யூனுஸ் நபி ஓதிய துஆவை எங்களுக்குச் சொல்லித்தந்துவிட்டு, தானும் ஓதிக்கொண்டே எஞ்சினைக் கழற்றிப் பூட்டினார். கரைசேர்ந்த பிறகு அந்த வள்ளத்துப் பெண்கள் பெற்ற முதல் ஆண்பிள்ளைக்கெல்லாம் அதே பெயர்தான். யுத்தம் முடிந்து சிலர் மன்னாருக்குத் திரும்பினார்கள். பெயரும் கூடவே போனது. முந்தலிலிருந்து மீன் கொண்டுவரும் றோசமேரி, "எங்கள் வேதத்திலும் அவர் இருக்கிறார், யோனா" என்று சொல்லி, தன் மகளின் பிள்ளைக்கு அந்த யோனாவையே வைத்தாள்.

அந்தப் பெயரை வாயால் சொல்லாதவள் ஒருத்திதான், நானாவின் மனைவி பளீலா. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதாம். மார்க்கத்தில் அப்படி எங்கே இருக்கிறது என்று எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன். "உம்மா வாப்பாட பேரைச் சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டேன்" என்பாள். அவளுக்கு அவர் "இஞ்சேருங்க", எங்கள் பொடியன்கள் "அவர்ட பேர்க்காரன்". யாரைக் கூப்பிடுகிறாள் என்று தெரியாமல் பிள்ளைகள் முழிக்கும்.

நானா சிரிப்பார். ஆனால் ஒருநாள் என்னிடம், ஊரெல்லாம் கூப்பிடுகிற பெயரை இவள் வாயால் ஒருக்கா கேட்டுவிட்டுக் கண்ணை மூடி மௌத்தாக வேண்டும் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

போன வருஷம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். மகன் ரிஃபாஸ் "வாப்பா" என்று கூப்பிட்டான், நான் "நானா" என்றேன். அசைவில்லை. மனைவி, புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில பேர் விழிப்பார்கள் என்றாள் தாதி. பளீலாவோ "இஞ்சேருங்க, இஞ்சேருங்க" என்றபடியே நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மனிசன் போகப் போறார். இன்னும் என்னடி வெக்கம்?" என்று கேட்டேவிட்டேன்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர்களைப் போல அவருடைய வலது காதுக்குக் குனிந்தாள். "யூனுஸ்" என்றாள். பிறகு கொஞ்சம் உரக்க, இன்னொரு தடவை.

நானாவின் இமை அசைந்தது. பாதி திறந்த கண் கதவுப் பக்கம் போனது. நாக்குக் குழறியது.

"எந்தப் பொடியனக் கூப்புடுறாய்?"

பளீலா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொடியன் இல்ல," என்றாள். "உங்களத்தான்."