எதிர்க்கடையில் இருந்த கடைசித் தாள்

ஐம்பதுகளின் நடுவில் நான் கல்யாணமாகி வந்த மட்டாஞ்சேரி வீட்டின் மாடியில் ஒரு பியானோ இருந்தது. வீட்டை எங்களிடம் விற்றுவிட்டுக் கப்பலேறிய குடும்பம், படிக்கட்டில் இறக்க முடியாமல் அதை விட்டுப் போயிருந்தது. என் கதையும் அதன் கதையும் ஒன்றுதான், உள்ளே வந்ததோடு சரி. கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகளிடம் தாளைப் பார்த்து வாசிக்கக் கற்றவள் நான். இங்கே தாள் ஏது? கடைவீதியில் பெண்கள் இறங்கக் கூடாது என்பது வீட்டு வழக்கம்.

ஒருநாள் சமையலுக்கு வரும் சேச்சி எதிர்க்கடையிலிருந்து ஓமம் வாங்கி வந்தாள். பொட்டலத்தைப் பிரித்தால், யா அல்லா, ஐந்து கோடுகளும் இசைக்குறிகளும்! கப்பலேறியவர்கள் எடைக்குப் போட்ட தாள்களில் கடைக்காரர் சாமான் மடித்துக்கொண்டிருக்கிறார். 

அன்றுமுதல் எங்கள் வீட்டில் ஓமம், கசகசா, கடுகு என்று தினமும் ஏதாவது தீர்ந்துபோகும். தாள்களைப் பாய்க்கு அடியில் வைத்து நீவி, பக்க எண் பார்த்துச் சேர்த்தேன். வால்ட்ஸ் என்கிற நடன இசை ஒன்று ஏறக்குறைய முழுதாகத் தேறி வந்தது. கடைசித் தாள் மட்டும் பாக்கி. அந்த ஆத்திரத்தில்தான் புத்தி கெட்டுப்போய் மிளகு வாங்கிவரச் சொன்னேன்.

எங்கள் வீட்டார் மிளகு மொத்த வியாபாரிகள். கீழே கிட்டங்கி நிறைய மூட்டை. அன்று மாலை கணவர் படியேறிய வேகத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"நம்ம சரக்குல ஈரம், அதான் வீட்டுக்கே வெளியில வாங்குறாங்கன்னு பஜார் முழுக்கப் பேச்சு! யாரு வாங்கச் சொன்னா?"

"எனக்கு மிளகு வேண்டாங்க. அதை மடிக்கிற தாளுதான் வேணும். நீங்களே கேட்டு வாங்கித் தாங்களேன்."

"அவன் கடை வாசல்ல நான் போய்க் கடலாசு கேட்டு நிக்கணுமா? நல்லாருக்கு!"

இனி சேச்சிகூட அந்தக் கடைப் படியை மிதிக்கக் கூடாது என்றார். மனிதர் மோசமில்லை, மானம்தான் மிளகைவிடக் காரம்.

அதன்பிறகு மத்தியானங்களில், அவர் கிட்டங்கியில் இருக்கும்போது, வால்ட்ஸ் வாசிப்பேன். தாள் முடிகிற இடத்தில் விரல் நின்றுவிடும். சன்னல் இடுக்கில் பார்த்தால் கடை தெரியும். கடைக்காரர் தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவும்போதெல்லாம் அது என் கடைசித் தாளோ என்று பார்ப்பேன். ஓடிப்போய்ப் பிடுங்கலாம், பத்தடிகூட இருக்காது. ஆனால் கால் எழாது. அழுகைதான் வரும்.

மாமியார் பாட்டென்றால் முகம் சுளிப்பவர். ஒருநாள் என்ன நினைத்தாரோ, மாடியேறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் புள்ளே, தினமும் அங்கேயே நிப்பாட்டிடுறே? மிச்சத்தையும் வாசி."

"மிச்சம் எதிர்க்கடையில இருக்கு மாமி."

மாமி எழுந்து சன்னல் இடுக்கில் கண்ணை வைத்தார். நான் பிறக்கும் முன்பே இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தவர். அவர் அடுப்பில் ஏறிய சாமான் எல்லாம் அந்தக் கடையிலிருந்து வந்ததுதான். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதுல எதும்மா அந்தக் கடை?" என்று கேட்டார்.