மேட்டுக்கு ஏறுங்க

ராஜபாளையத்துக்குக் குடிநீரைச் சுத்திகரித்து அனுப்பும் நிலையத்தில் தண்ணீரைப் பரிசோதிப்பது என் வேலை. ஆடி மாதம் ஒரு காலையில், கிருமியைக் கொல்லத் தண்ணீரில் கலக்கும் குளோரின் இருந்த அறைப் பக்கம் போனதும் கண் எரிந்தது. சிலிண்டர் வால்வு கசிந்துகொண்டிருந்தது.

நிலையத்தில் குழாய், வால்வு வேலை பார்க்கும் ஃபிட்டர் அண்ணன் முகமூடியை எடுத்தார். "நான் வால்வ மூடிட்டு வாரேன். மேல்காத்து பலமா அடிக்கி, வாயு கெழக்கதான் போகும். கீழத் தோட்டத்துல களையெடுக்கிற பொம்பளைகள மேட்டுல ஏத்தும்மா."

"ஒத்தையிலயா போறிய?"

"நீ ஓடு!"

குளோரின் காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். நான் ஓடிப் போனபோது அந்தப் பெண்களோ கண் எரிகிறதென்று முகம் கழுவத் தோட்டத்தை ஒட்டிய ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அங்க போகாதீய! கரை மேல ஏறுங்க!"

"எதுக்குத்தா?" என்று ஒருத்தி அப்படியே நின்றாள். விளக்க நேரமில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த நீர்த்தேக்கக் கரையில் ஏறினேன். மற்றவர்களும் இருமிக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

கரையிலிருந்து அறை வாசல் தெரிந்தது. அவரைக் காணவில்லை. தனியாக விட்டுவிட்டு வந்தோமே! நான் கரையை விட்டு இறங்கத் தொடங்கியபோதுதான் அவர் தள்ளாடியபடி வெளியே வந்தார். காற்று வரும் பக்கமாகச் சுற்றிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"மூடியாச்சு," என்றார் முகமூடியைக் கழற்றி. "அவிய எல்லாரும் ஏறிட்டாகளா?"

"ஏறிட்டாக," என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று ஊருக்குத் தண்ணீர் தாமதமாகத்தான் போனது.